பாகற்காய்ச் சாறு

"இனிப்பைக் குறைக்கத் தெரியாத ஜனங்கள்" என்று தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பற்றி யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் விடியுமுன் எழுந்து, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனவர்களாக இருக்கமாட்டார்கள்.

எண்பதுகளில் என் அக்காளும் அத்தானும் மலேசியாவில் சிரம்பானுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தார்கள். நான் செனவாங்கில் பேக்டரிப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காளின் லயத்து வரிசை வீட்டுக்குப் போய்விடுவேன். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, கோவில் கோவிலாக ஏறி இறங்கிய பிறகு, அக்காள் அப்போதுதான் உண்டாகியிருந்தாள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் லயத்தை ஒட்டிய சமதரையில் மரம் கொடுப்பார்கள். பள்ளக்காடு என்று அதற்குப் பேர். மற்றவர்களுக்கு மேட்டுக்காடு. மழை பெய்தால் வழுக்கும் சரிவில், தோளில் காண்டாக் கட்டையும் இரண்டு பக்கமும் பால் வாளியுமாக இறங்கி வர வேண்டும். கேட்பதற்குப் பெரிய தர்மம் மாதிரி இருக்கும். ஆனால் மரம் சும்மா நிற்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் சட்டம். விடிகாலையில் எல்லாரையும் நிறுத்தி வைத்து வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது அடிக்கடி ஆள் இல்லையென்றால், அவளுடைய மரங்களை வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார். திரும்பி வருகிறவள் வயிற்றோடு மேடேற வேண்டியதுதான்.

ஐந்தாம் மாதம் டவுன் கிளினிக்கில் அக்காளின் சிறுநீரைச் சோதித்தார்கள். நீலமாக இருக்க வேண்டிய மருந்து செங்கல் நிறத்துக்கு மாறியது. சர்க்கரை இருக்கிறது, இனி வாராவாரம் வா என்றார்கள். சோற்றைக் குறை, சீனியை நிறுத்து, மீனும் காய்கறியும் நிறையச் சாப்பிடு என்று மிஸ்ஸி சொல்லி அனுப்பினாள். நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எந்தக் காய்கறியை? லயத்துக்குப் பின்னால் எல்லாரும் போட்டிருந்த கீரைப் பாத்திகளை, எண்ணெய்க்கான செம்பனை நடுவதற்காக நிர்வாகம் அப்போதுதான் பிடுங்கி எறிந்திருந்தது. வேலியோரம் தானாகப் படர்ந்த பாகற்கொடிதான் மிச்சம். மீன்காரர் மோட்டாரில் வருவது சம்பள வாரத்தில் மட்டும். தோட்டத்துக் கடையில் கிடைப்பதெல்லாம் அரிசி, மாவு, சீனி, டின்பால், கருவாடு. இருட்டில் மரத்துக்குப் போகிறவள் தித்திக்கும் டின்பால் ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமல் வேறு எந்தத் தெம்பில் வேலை செய்வாள்? அந்த மிஸ்ஸியை ஒரே ஒரு நாள் காண்டா தூக்க வைத்துவிட்டு, அதற்குப் பிறகு புத்தி சொல்லச் சொல்லியிருக்க வேண்டும்.

வாராவாரம் கிளினிக் போனால் பள்ளக்காடு போய்விடும். லயத்துப் பெண்களிடம் அதற்கும் ஒரு வழி இருந்தது. கிளினிக் நாள் நெருங்கும்போது சோற்றைத் தொடமாட்டார்கள்; பாகற்காயை இடித்துப் பிழிந்து அந்தச் சாற்றை மட்டும் குடிப்பார்கள். சோதனையில் மருந்து நீலமாகவே நிற்கும். தலை சுற்றினால் மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கிளினிக் முடிந்ததும் பழைய சோறு, பழைய தேத்தண்ணி. அக்காளும் அதையே செய்தாள். பேக்டரி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து, பிள்ளைக்கு ஆபத்து என்று நான் சண்டை போட்டேன்.

"மேட்டுல வழுக்கி விழுந்தா மட்டும் புள்ள நல்லா இருக்குமா?" என்றாள் அக்காள். "நீ ஏர்கான்ல உக்காந்து வேல செய்யறவ. சும்மா இரு லா."

 

கிளினிக்கில் அவளை மெச்சினார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிறாய், இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. அதைப் பார்த்து லயமே பூரித்தது. கொழுகொழுவென்று ராஜா மாதிரி பிறப்பான் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அக்காளும் அதை நம்பினாள்.

அப்படித்தான் இருந்தான். ஆஸ்பத்திரியில் தலை வெளியே வந்ததும் தோள் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தபோது மூச்சு இல்லை. உப்பிய கன்னம், மணிக்கட்டில் மடிப்பு மடிப்பாகச் சதை. துணியில் சுற்றி அத்தான் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு நர்ஸ், அவளும் தமிழச்சிதான், சர்க்கரையில் பிள்ளை பெருத்துவிட்டது, வாயைக் கட்டாததால் வந்த வினை என்று அக்காள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். நான் அவளை அறைந்திருப்பேன். அக்காள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பேறுகால லீவு முடிந்து அக்காள் வேலைக்குத் திரும்பிய அன்று, அவளைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் பெரட்டுக்குப் போனேன். பேர் கூப்பிட்டு முடித்தார்கள். பள்ளக்காட்டில் அவளுடைய மரங்களை வேறொரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். என் மரம் எங்கே என்று அக்காள் கேட்டாள். மண்டோர் கெட்ட மனுஷன் இல்லை. குரலைத் தாழ்த்தி, அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"ஒனக்குத்தான் கைப்புள்ள இல்லையேம்மா. மேட்டுக்குப் போ."