சந்தை கட்டித் தரும் கரை

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு விசைப்படகுகள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. இலங்கையின் வடகரையிலிருந்து வந்திருக்கும் நகரசபைத் தலைவி ஏலக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கிறார். போரில் இடிந்த அவர் ஊர் மீன்சந்தையைக் கட்டித் தர இந்தப் பக்கத்து நகராட்சி ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறது. நகராட்சிப் பொறியாளர் வடிகால், தரைச்சரிவு, ஐஸ் அறை என்று விளக்கிக்கொண்டே போகிறார். நான் வேடிக்கை பார்த்தபடி பின்னால் நடக்கிறேன்.

மீன் இறக்கும்போது படகருகே நிற்பவர்களுக்குக் குழம்புக்குக் கொஞ்சம் மீனைக் காசில்லாமல் கொடுப்பது இங்கே வழக்கம். படகுக்காரர் லூர்து இரண்டு விளைமீன்களைப் பையில் போட்டுத் தலைவியிடம் நீட்டுகிறார். லாட்ஜில் தங்கியிருப்பவர் அதை எங்கே சமைப்பார் என்று யாரும் யோசிக்கவில்லை.

“கொழம்புக்கு வச்சுக்கிடுங்கக்கா.”

“வடிவான மீன். எங்க பிடிச்சனீங்கள்?”

“ஒங்க கரைப் பக்கந்தான்க்கா. இங்கன இம்புட்டுப் பெருசு ஏது?”

சொன்ன பிறகுதான் லூர்துவுக்கு உறைக்கிறது. தலைவி பையை வாங்கிக்கொள்கிறார். குரல் உயரவில்லை.

“சந்தை கட்டித் தாறியள், சந்தோஷம் தம்பி. அதில விக்கிறதுக்கு மீனையும் விட்டு வையுங்கோ.”

லூர்து குனிந்து, கூடையிலிருந்து இன்னொரு மீனை எடுத்து அவர் பையில் போடுகிறார்.