பெரியாயி சொல்லாத பெயர்

இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைக்கு ரயில் வந்த புதிதில், அங்கே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார் அழகர். மனைவி பெரியாயி காய்ச்சலில் போனபிறகு அவரைத் திட்ட ஆளில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "சோத்துல உப்பில்லன்னு கத்துனா, பதிலுக்குக் கத்த ஆளில்லீங்களே!" என்று லயத்து வீடுதோறும் சொல்லிப் புலம்பினார்.

பெரியாயி கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவள், அழகர் சேராதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை ஜெபவீட்டில் விட்டுவிட்டு, வெளியே வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். அடக்கத்தன்று உபதேசியார் வேதமுத்து, "கர்த்தருக்குள்ள மரிச்சவங்களை மறுபடி பார்ப்போம்" என்றது மட்டும் அவர் காதில் நின்றது. அதை நம்பிக்கை என்பதா, ஏக்கம் என்பதா, எனக்குத் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மறுபடி மலைக்கு வேலைக்கு ஏறினார்.

ஒருநாள் அழகர் உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னையும் சேத்துக்குங்க ஐயா. அவ இருக்குற எடத்துக்கு நானும் போகணும்."

உபதேசியாருக்கு மகிழ்ச்சி. "ஆபிரகாம்னு பேர் வைப்போம்."

அழகர் பதறினார். "பேரை மாத்துனா என்னைய அவளுக்கு எப்படிங்க தெரியும்?"

"அப்ப அழகராவே இருங்க."

"அது இன்னும் மோசங்க!"

மோசம்தான். பெரியாயி ஒருநாளும் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை கேட்டால், "மதுரைக்கிட்ட மலையில நிக்குற சாமி பேருங்க" என்பாள்.

"மோட்ச வாசல்ல நின்னு, எம் புருசன் வந்துட்டாரான்னு கேப்பா. பேரு என்னன்னு கேட்டா அந்தச் சாமியைத்தான் சொல்லுவா. அங்க போயி அதைச் சொல்லலாமாங்க?"

உபதேசியார் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். அழகரின் கண்கள் நிறைந்திருந்தன. அடுப்படியிலிருந்து உபதேசியாரின் மனைவி எஸ்தர் குரல் கொடுத்தாள்.

"யோனான்னு வைங்களேன்! மீன் வயித்துக்குள்ள கெடந்தவரு பேருன்னு சொன்னா, அங்க யாருக்குத் தெரியாது? அந்தக் கதையைக் கேட்டுப் பெரியாயி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாளே!"

"அவ சிரிச்சாளா?" என்று கேட்டார் அழகர். பிறகு, "அதையே வைங்க" என்றார்.

பாதிரியார் வந்த ஞாயிறன்று ஜெபவீடு நிறைந்திருந்தது. அவர் மெல்லப் பேசுகிறவர். தலையில் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காதபடி, "யோனா" என்றார்.

அழகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ஐயா."

"ஏன்?"

"புதுப் பேருங்க. அவளுக்கு இன்னும் தெரியாது."

பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. பாதிரியார் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரைத் தகரம் அதிரும்படி மறுபடி கூப்பிட்டார்.