பிளேட்டு மெட்டும் கொரட்டூர் நாகம்மாளும்

கொரட்டூர் நாகம்மாளுக்குப் பிடிக்காதவை உலகத்தில் எத்தனையோ இருந்தன. ஆனால் இசைத்தட்டில் வரும் பிளேட்டுப் பாட்டை வெறுத்ததுபோல் அவள் வேறெதையும் வெறுத்ததில்லை. பேசும் படம் வந்த புதிது. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் கொஞ்சம் கையில் காசு ஓட்டமுள்ள வீடுகளிலெல்லாம் கிராமபோன் பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பாட்டுகளுக்கு மெட்டு பம்பாயிலிருந்து வருகிறது, சொல் மட்டும்தான் தமிழ் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் வாய் ஓயவில்லை.

“அடுத்தவ ரவிக்கைய மாட்டிகினு வந்தாப்பல கீது. மெட்டு நீளம், சொல்லு குட்டை. மிச்சத்துக்கு ஆ ஆன்னு இழுக்கறாளுங்க, பல்லு வலி வந்தவ மாதிரி!”

அப்படிப் பேச அவளுக்கு உரிமை இருந்தது. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரை ஏசிப் பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பெறாதவளை நல்ல காரியத்தில் ஓரமாக உட்கார வைக்கிற காலம் அது. நாகம்மாளை நடுவில் உட்கார வைத்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அண்ணன் வீரராகவன் மகள் தாட்சாயிணிக்குக் கல்யாணம் வந்தது. பூந்தமல்லியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். நலங்கில் நாகம்மாள் எடுத்த எடுப்பிலேயே பாடினாள்:

“பூந்தமல்லி மாப்பிள்ளைக்குப் பூனைக்குட்டி மீசை
பொண்ணு ஊட்டு வடைமேல போகாத ஆசை!”

பந்தல் சிரித்தது. மாப்பிள்ளையின் அக்கா சாமுண்டீஸ்வரி விடுவாளா? வீட்டில் கிராமபோன் வைத்திருக்கிறவள். பிளேட்டு மெட்டில் பதில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்துப் பாடினாள்.

“இன்னாம்மா, பம்பாய் ரயிலு இன்னும் வந்து சேரலையா?” என்றாள் நாகம்மாள். “எங்க பாட்டுல ஒரு மெட்டு இரவல்னு எவளாச்சும் காட்டட்டும். அப்புறம் எந்தக் கல்யாணத்துலயும் என் பாட்டப் பாட வாய் தொறக்க மாட்டேன். இது என் தாலி மேல சத்தியம்!”

மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் எல்லம்மா என்கிற குத்தம்பாக்கத்துக் கிழவி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவள் எச்சிலைத் துப்பிவிட்டு, மடியிலிருந்த குழந்தையைத் தட்டியபடி ஒரு தாலாட்டை எடுத்தாள். சொல் வேறு. மெட்டு? நாகம்மாளுடைய பூனைக்குட்டி மீசை மெட்டேதான், ஒரு இழை பிசகவில்லை.

பந்தலில் எல்லாத் தலையும் நாகம்மாள் பக்கம் திரும்பியது.

“அது எங்கம்மா எனக்குப் பாடனது,” என்றாள் நாகம்மாள். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தானே கட்டியது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

“ஒங்கம்மா எங்க தெருப் பொண்ணுடி. எங்காயா கிட்ட கேட்டுகினு போனா. எங்காயா எவ கிட்ட கேட்டாளோ! அந்தக் காலத்துலயும் இரவல்தான்.”

“பெத்தவ குடுத்தது சீரு. இரவல்னு எவ சொல்லுவா?”

“சீரோ இரவலோ, நீ கட்டலையே?”

நாகம்மாள் எழுந்து ஓரமாகப் போய்ப் பிள்ளை பெறாதவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். சாமுண்டீஸ்வரி இன்னொரு பாட்டு பாடினாள். எதிர்ப்பாட்டு வரவில்லை. இன்னொன்று பாடினாள். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். ஏசுவதற்கு ஆளில்லாத நலங்கு உப்பில்லாத கூழாகிவிட்டது. நலங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த தாட்சாயிணி அழுகிற மாதிரி அத்தையைப் பார்த்தாள்.

“எக்கா, வா எக்கா,” என்று சாமுண்டீஸ்வரியே கூப்பிட்டாள். “எங்களத் திட்ட ஆளில்ல.”

“சத்தியம் பண்ணிட்டேன்.”

“தாயி, எதுனா வழி பண்ணேன்!” என்று கெஞ்சினாள் சாமுண்டீஸ்வரி.

நாகம்மாள் கொஞ்சம் யோசித்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்து, பெண்களை இடித்து விலக்கி, நடுவிலேயே உட்கார்ந்தாள். சாமுண்டீஸ்வரி பாடிய அதே பிளேட்டு மெட்டில், அதே இழுப்பில் ஆரம்பித்தாள்:

“சம்பந்திக்குச் சொந்தமின்னு இன்னா இருக்குது?
சங்கீதமும் பொட்டிக்குள்ள பூட்டிக் கெடக்குது!”

பந்தல் அதிர்ந்தது. எல்லம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

“எக்கா, சத்தியம்?” என்றாள் சாமுண்டீஸ்வரி, சிரிப்புக்கு நடுவில்.

“என் பாட்டுக்குத்தான சத்தியம்? இது ஒங்க பாட்டு, நீயே வச்சுக்க. த்தூ, இதெல்லாம் ஒரு மெட்டா! ரெண்டு அடி பாடறதுக்குள்ள தொண்டை புண்ணாப் பூட்ச்சு. தண்ணி குடுங்கடி, அடுத்தது பாடணும்.”