முதல் தண்ணீர்

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரு பாடத்தை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இரும்பு வந்தது, காடு கழனியானது. கொழுவும் அரிவாளும் கைக்கு வந்ததும் விளைச்சல் பெருகியது. சாப்பிட்டது போக நெல் மிஞ்சியதால் எல்லோரும் உழவேண்டியதில்லை என்று ஆயிற்று. குயவன், கொல்லன், வணிகன் என்று ஊர் உண்டாயிற்று. கடைசியாக, அந்த நெல்லில் பங்கு கேட்க ஒரு அரசனும் வந்து சேர்ந்தான். வாணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் வருடா வருடம் இதை நடத்துகிறேன். நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவினால் சோப்பு நுரைக்காது.

எங்கள் கழனி பாலாற்றை ஒட்டியது. மாமனார் காலத்தில் அங்கே கபிலை ஓடியது. மாடுகள் சரிவில் இறங்க, உருளையில் கயிறு ஓட, தோல் சால் கிணற்றிலிருந்து தண்ணீரோடு ஏறி வரும். உருளை தச்சன் செய்தது, வளையம் கொல்லன் அடித்தது, சாலுக்கான தோல் ஆவாரம்பட்டையில் பதமானது. அத்தனை பேர் கை பட்டுத்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. பிறகு அதே தோல் மூட்டை மூட்டையாக உப்போடும் மருந்தோடும், தோல் பதனிடும் டேனரிகளுக்கு வந்தது. டேனரிக் கழிவு ஆற்றில் இறங்கி, ஆறு வழியாக எங்கள் கிணற்றுக்கும் வந்தது. வாய் நிறையத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் அப்பா டேனரியில் தோல் அலசித்தான் என்னை டீச்சராக்கினார்.

ஆற்றை விட்டுத் தள்ளி, மேட்டு மூலையில் புதுக் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று என் வீட்டுக்காரர் நம்பினார். வராவிட்டால் நிலத்தை விற்றுவிடுவது என்று பேச்சு. கிடங்கு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் அதற்காகவே காத்திருந்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இயந்திரம் தோண்டியபோது பெரிய தாழி ஒன்று உடைந்து, உள்ளே எலும்பும் இரும்பும் தெரிந்தன. பழம்பொருள் ஆராய்கிறவர்கள் வந்து கயிறு கட்டினார்கள். கிணற்றைச் சற்றுத் தள்ளி வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளித் தள்ளி ஓர் அரிவாளை வெளியே எடுத்தார்கள். பச்சைக் குழந்தையைப் பஞ்சில் கிடத்துவதுபோல் அதைக் கிடத்தினார்கள். எங்கள் தென்னங்கன்றுகள் பக்கத்திலேயே காய்ந்து நின்றன. அவற்றை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் இருக்கும்போதே புதுக் கிணற்றில் தண்ணீர் ஊறியது. முதல் தண்ணீரில் பொங்கல் வைத்துச் சாமிக்குப் படைக்காமல் ஒரு சொட்டும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. கிணற்றடியிலேயே அடுப்பு மூட்டினோம். வந்தவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டோம். நல்ல தண்ணீர் இருந்ததால்தான் அந்தக் காலத்து மக்கள் இங்கே தங்கிப் பயிர் செய்திருக்கிறார்கள் என்று குழுவின் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பானையில் பால் திரிந்தது.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அரிசியையும் வெல்லத்தையும் எடுத்து நீட்டி, "கொட்டிக் கிளறு," என்றார். கிளறினேன். படைத்தோம். இலையில் வைத்தோம். எவ்வளவு வெல்லம் போட்டும் கரித்தது. தலைவர் மரியாதைக்கு ஒரு வாய் விழுங்கிவிட்டு, பைக்குள் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச அவர் நினைக்கவில்லை, பாவம். தாகம்.

வீட்டுக்காரர் எழுந்து பம்ப் ரூமுக்குப் போனார். தன் அரிவாளை எடுத்து வந்து, பஞ்சில் கிடந்த அரிவாளின் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே வளைவு.

"இதையும் எடுத்துனு போங்க சார். இனிமே இங்க இதுக்கு வேலை இல்ல."

தலைவர் தர்மசங்கடமாகச் சிரித்து, இந்தக் காலத்துப் பொருளை எடுக்க விதியில்லை என்றார். அரிவாளை நான்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

நிலத்தை விற்றோம். இப்போது அங்கே தோல் கிடங்கு நிற்கிறது. வீட்டுக்காரர் அங்கேயே காவலுக்குப் போகிறார். நான் அந்தப் பாடத்தை இந்த வருடமும் நடத்தினேன். மக்கள் ஏன் ஓரிடத்தில் தங்கி வாழத் தொடங்கினர் என்று பரீட்சையில் கேள்வி. நல்ல தண்ணீர் கிடைத்ததால் என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன செய்ய, விடை சரிதானே.