திருவிழா நாட்களில் பெய்யாத மழை

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், இங்கே மழை நேரம் சொல்லிவிட்டு வருகிறது. மூன்று மணிக்கு என்று காலையில் தொலைக்காட்சியில் சொன்னால், பளீரென்ற வெயிலில் வெள்ளைக்காரர்கள் குடையோடு வேலைக்குப் போகிறார்கள். மழையும் மூன்று மணிக்கே வந்து நிற்கிறது. டொரொண்டோவுக்கு வந்து ஏழு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஏனென்றால் இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழைக்குக் கணக்கப்பிள்ளையே நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று என் பெயரில் மூன்று வேன்கள் ஓடுகின்றன என்றால் எல்லாம் கையெழுத்து தந்த வாழ்வு. அந்த முத்தான எழுத்தைப் பார்த்துத்தான் தொண்ணூறுகளில் தோட்டத்துத் துரை என்னை மலை வேலையிலிருந்து ஆபீசுக்கு எடுத்தார். தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து கொப்பியில் எழுதுவேன்.

மகள் கலா இங்கே புவித்தொகுதி விஞ்ஞானம் படிக்கிறாள். காற்று, கடல், மண், காடு எல்லாவற்றையும் ஒரே உடம்பாக வைத்து நோய் பார்க்கும் படிப்பு. காலநிலை மாறுவதால் எங்கள் மலையில் எந்தச் சரிவு இடியும், தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்தை முதலில் காலி செய்யவேண்டும் என்பது அவள் ஆய்வு. அதற்காக ஊர் போய் அவள் படமெடுத்து வந்தது எதை? என் மழைக் கொப்பியை! பல்கலைக்கழகத்துக்கே நான்தான் ஆதாரம் என்று கோயில்வரை சொல்லிவிட்டேன்.

அவளுடைய பேராசிரியர் என்னை அழைத்தார். சித்திரையில் வருடந்தோறும் மூன்று நாள் மட்டும் ஏன் மழையே இல்லை என்று கேட்டார்.

"அம்மன் ஃபெஸ்டிவல். நோ ரெயின், சார்."

மழையில்லாத நாள் பார்த்துத் திருவிழா வைக்கும் எங்கள் முன்னோரின் அறிவை வியந்து அவர் குறித்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

திரும்பும்போது காரில் கலா கேட்டாள்.

"அப்பா, சின்னப்புள்ளையில தேரன்னிக்கு நான் தொப்பலா நனைஞ்சேனே?"

"அது சும்மா தூறல், தாயி."

"தூறலுக்கா தேரு சேத்துல பொதஞ்சுச்சு? நீங்கதானே தள்ளுனீங்க?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அம்மன் வெளியே வரும் மூன்று நாளும் மழை பெய்யாது என்பது தோட்டத்து நம்பிக்கை. பெய்ததை எழுதினால் அம்மன் பேரைக் கெடுத்ததாகிவிடும். ஆகவே மழைமானியைக் கவிழ்த்துவிட்டுப் பூச்சியம் போடுவேன். அழகான பூச்சியம்.

"வேற நாள்ல?"

"சத்தியமா இல்ல."

"நான் நம்புறேன்ப்பா. ஆனா லயத்துல இருக்கிறவங்க உசுர வச்சு நம்ப முடியாது."

என் கையெழுத்திருந்த வருடங்கள் அத்தனையையும் நீக்கினாள். ஆய்வு தள்ளிப்போயிற்று. அவள் கோபிக்கவில்லை, வரைந்த படத்தை மட்டும் காட்டினாள். மழையின் நீலக்கோடு எனக்கு முந்தியவர் காலம்வரை வந்து அறுந்து, வெறும் தாளாகக் கிடந்து, பிறகு தொடங்குகிறது. நான் விமானம் ஏறிய பிறகுதான் எங்கள் தோட்டத்தில் மீண்டும் மழை பெய்கிறது.