வலது சரி, இடது சரி, முன்னால் சரி

என் மகள் இறந்த பிறகும் அவளுடைய கைபேசியின் பாட்டுச் செயலிக்கு வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பாடல்கள் வந்துகொண்டிருந்தன. எங்கெங்கோ உள்ள சிறு குழுக்கள், கார் நிறுத்தும் கொட்டகையிலோ காலிக் கிடங்கிலோ தாமே பதிவுசெய்து தாமே வெளியிடும் கராஜ் ராக், பங்க் பாடல்கள். மெருகு எதுவும் இராது. அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம். ஒரகடத்தில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் அவள் லைன் லீடர், ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளி. குன்றத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்த வாரத்துப் பாடல்களைக் கேட்டு, பிடித்ததற்கு ஓர் இதயக்குறி இட்டுவிட்டு ஏறுவாள். காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை. பாடல்கள் நிற்கவில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். ஒலியியல் என் துறை. இசை எனக்குத் தெரியாது, ஒலி தெரியும். எனவே அந்தப் பாடல்களில் நான் கேட்டது பாடலை அன்று. பாடல் தொடங்குவதற்கு முன்னுள்ள சிறு இடைவெளியை. பெரிய நிறுவனத்தார் அதை வெட்டிவிடுவார்கள். இவர்கள் வெட்டுவதில்லை. ஒன்றில் வெளியே மழை பெய்யும். ஒன்றில் யாரோ நாற்காலியை இழுப்பார். ஒன்றில் யாருமில்லாத அறை வெறுமனே மூச்சுவிடுவதுபோல் இருக்கும். கேட்டு முடித்ததும், அவள் செய்ததுபோல நானும் இதயக்குறி இட்டேன். அவள் ஏற்படுத்திய ஒழுங்கு கலைய வேண்டாம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அவள் பின்தொடர்ந்த, ஆனால் அதுவரை எதையும் வெளியிட்டிராத ஒரு குழுவின் முதல் பாடல் வந்தது. தகரக் கூரையின் மெல்லிய ரீங்காரம் கேட்டது. அதன்மேல் என் மகளின் குரல், நிதானமாக:

"வலது சரி. இடது சரி. முன்னால சரி."

பிறகு டிரம்ஸ் இடி போல விழுந்தது.

அந்தச் சொற்கள் எனக்குப் பழக்கமானவை. அவர்கள் தொழிற்சாலையில் இயந்திரத்தை இயக்குமுன் லைனின் சார்பில் ஒருவர் மூன்று பக்கமும் விரல் நீட்டி, பார்த்து, உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் "சரி" என்று பதில் கொடுப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'கால்' (call), அதாவது அழைப்பு என்று பெயர். கால் கொடுக்காமல் லைன் ஓடாது. குன்றத்தூர்க் கடைத்தெருவைக் கடக்கும்போதும் அவள் விரல் நீட்டிச் சொல்வாள். பார்க்காமலேயே சொன்னால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "பாக்காம சொன்னா அது கணக்குல சேராதுப்பா" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே குழுவின் வேறொரு பாடல் வந்தது. முன்னால் அதே குரல். அதன்பின் வாரம் தவறவில்லை. இறந்தவள் வாரந்தோறும் வெளியாகிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் அவள் தொண்டை வறண்டிருப்பதுபோலத் தோன்றியது. மறுவாரம் ஏதோ அவசரத்தில் இருப்பதுபோல. எங்கோ அவள் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள் என்பதை நான் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டேன். இது எப்போது நின்றுபோகும் என்பது மட்டுமே என் அச்சமாக இருந்தது. குழுவின் பக்கத்தில் பிள்ளைப்பாக்கம் என்று ஊர்ப்பெயர் இருந்தது. லைன்காரர்கள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போய்வந்தது நினைவுக்கு வந்தது. அவளுடைய கைபேசியை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மதியம் புறப்பட்டேன்.

அது மூடப்பட்ட லாரிப் பட்டறை. பின்புறம் ஏதோ தொழிற்சாலையின் மதில்; அங்கே தகடு அழுத்தும் இயந்திரம் விழும் அதிர்வு தரை வழியாகப் பாதத்துக்கு வந்தது. உள்ளே மூவர் இருந்தார்கள். டிரம்ஸ் முன்னால் இருந்த பெண்ணை மயானத்து வாசலில் பார்த்திருக்கிறேன். என் மகளின் லைனில் வேலை செய்தவள். கிட்டார் வைத்திருந்தவன் பட்டறைக்காரரின் மகன். மூன்றாமவன் சுவரோரம் பேஸ் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூவரும் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார்கள்.

"வாங்கப்பா" என்றாள் அந்தப் பெண். நான் உட்காருமுன்பே கேட்டாள்: "ஹார்ட் போட்டுக்கினு இருந்தது நீங்கதானா?"

"ஆமாம்மா."

அவள் கிட்டார்க்காரன் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடா? கழட்டு அந்தத் தாயத்த."

"சும்மா இரு அக்கா." அவன் சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு போட்டு அஞ்சு நிமிசம் ஆவல, அவங்க மூஞ்சியோட ஹார்ட் வந்து நிக்கிது. மொத நாளு போன கீழ போட்டுட்டேன்."

"பயந்தும் ஏன் வாராவாரம் போட்டீங்க?"

சுவரோரம் இருந்தவன் தலை நிமிராமல் சொன்னான்: "அவங்க கேக்கறாங்கன்னுதான் சார்."

"வேற யாரு கேக்கறா?" என்றாள் அவள். "மனுசங்க ஒருத்தரும் சீண்டல. பேயாவது கேக்குதேன்னு இருந்தோம்." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். அந்த ஒலி எனக்கே அந்நியமாக இருந்தது.

வந்த காரியத்தைக் கேட்டேன். "அவ குரல் வேற ஏதாவது பதிவாகியிருக்கா?"

"இல்லப்பா. அவ பாடவே ஆரம்பிக்கல. மைக் வேல செய்யுதான்னு பாக்கறதுக்கு ஒரு தடவ கால் குடுத்தா. அது ஒண்ணுதான் கீது. அதையே எல்லாப் பாட்டுக்கும் முன்னால ஒட்டிட்டோம்."

ஒரே பதிவு. வறண்ட தொண்டையும் அவசரமும் என்னிடமிருந்து வந்தவை.

"லைன்ல இப்ப யார் கால் குடுக்கறாங்க?"

"நான்தாம்பா. மறுநாளே போட்டுட்டாங்க. லைன் நிக்காதுல்ல."

"இங்கே?"

"இங்க யாரையும் போடல. மனசு வரல."

கிட்டார்க்காரன் அவசரமாகச் சொன்னான்: "நீங்க சொன்னா அப்டியே வச்சிக்கலாம் சார். இன்னா இப்போ, எத்தினி பாட்டு போட்டாலும் ஒட்டிக்கினே போலாம்."

நான் கெஞ்சிக் கேட்க வந்ததை அவனே கொடுத்துவிட்டான். வாங்கிக்கொண்டு எழுந்திருக்கலாம். தரையில் அந்த இயந்திரம் விழுந்தது, மீண்டும் விழுந்தது. அதை இயக்குமுன் யாரோ மூன்று பக்கமும் பார்த்திருக்க வேண்டும்.

"பாக்காம சொன்னா கணக்குல சேராதுன்னு அவ சொல்வா" என்றேன்.

அந்தப் பெண் டிரம்ஸ் குச்சிகளை மடியில் வைத்தாள். "ட்ரெய்னிங்ல எங்களுக்கும் அதாம்பா சொல்லிக்குடுத்தா." மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்: "சரிப்பா. இனிமே நானே குடுக்கறேன்."

என் மகளின் முகத்தை வைத்துக்கொண்டு நான் இட்ட குறிகளும் பார்க்காமல் கொடுத்த கால் போன்றவைதாம். வீடு வந்ததும் அவளுடைய கைபேசியை அணைத்து, என்னுடையதில் அதே பாட்டுச் செயலியில் என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை பாடல் வந்தது. அதே தகரக் கூரை, அதே ரீங்காரம். டிரம்ஸ் பெண்ணின் குரல், நடுங்காமல், மூன்று பக்கமும் சொன்னது. மற்றவர்கள் பதில் கொடுத்தார்கள்: "சரி."

குழுவில் மூவர். ஒருத்தி கால் கொடுத்தால் பதில் சொல்ல இருவர், இருவரும் ஆண்கள். எனக்குக் கேட்டது மூன்று குரல்கள், மூன்றாவது ஒரு பெண்ணின் குரல். கூரையின் எதிரொலி சற்றுப் பிந்தியே வரும். இது பிந்தவில்லை, மற்ற இரண்டோடும் சேர்ந்தே தொடங்கி, அவற்றைவிட மெல்லியதாக முடிந்தது. டிரம்ஸ் பெண் பழக்கத்தில் தனக்குத் தானே பதில் சொல்லியிருக்கலாம்.

பிரித்தறிவது எனக்குக் கடினமன்று. அதற்கான மென்பொருள் என் கணினியில் இருக்கிறது. ஒலியின் நிறமாலையைத் திரையில் விரித்தால் குரல்கள் தனித்தனியே தெரிந்துவிடும். வாழ்நாளெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை.

நான் கணினியைத் திறக்கவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் மூவர் திரையைப் பார்த்துக் காத்திருப்பார்கள் என்பதால், என் பெயரில் இதயக்குறியை இட்டேன்.