அண்ணன் இறங்காத தீவு

கப்பலின் பக்கக் கதவருகே அகலமான தட்டில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். பூட்ஸை அதில் முக்கிய பிறகுதான் தீவுக்குப் போகும் ரப்பர் படகில் ஏறலாம். அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாடா, நம்ம பண்ணை மாதிரியே வெச்சிருக்கறாங்க!" என்றார். ராசிபுரம் பக்கம் நாங்கள் இருவரும் நடத்திய கோழிப்பண்ணையில், மருந்தில் கால் நனைக்காமல் வந்த சொந்த மச்சானையே வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா அப்படிப்பட்ட கண்டிப்புக்காரர்.

நியூசிலாந்தில் வேலை பார்க்கும் அவர் மகள்தான் எங்களை அந்தக் கப்பலில் கூட்டிப்போனாள். தெற்கே, ஆள் குடியில்லாத தீவுகள். காலமெல்லாம் கூண்டுக்கோழியையே பார்த்த அண்ணனுக்கு, கூண்டில்லாத பென்குவின் கூட்டத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. எனக்கோ, பறவையைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று மனம் கேட்கவில்லை. மகள் வீட்டில் இருந்த கம்புத் தானியத்தில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டேன். "அது மீன் திங்கிற பறவைடா. கம்பக் காட்டுனா உன்னையத்தான் கொத்தும், தூரப் போடு" என்றார் அண்ணன். போட்டுவிட்டதாகச் சொன்னேன். ஆனால் இறங்கும் நாள் காலையில், என் கோட்டுப் பை கிழிந்திருந்ததால், அவருக்குத் தெரியாமல் அவர் கோட்டின் உள்பையில் வைத்தேன்.

வெளி விதை தீவில் முளைத்துவிடக் கூடாதென்று, விதை, மண் எதுவும் தங்களிடம் இல்லை என எல்லோரிடமும் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கதவருகே நின்ற அதிகாரியம்மா அண்ணன் பையிலிருந்து முடிச்சை எடுத்தார். அண்ணன் என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். பிறகு மகளிடம், "என்னுதுதான்னு சொல்லீரு அம்மிணி" என்றார்.

"ஏனுங்கப்பா, இத்தன பேர் முன்னால மானத்த வாங்கறீங்க?" என்று அவள் சீறினாள். அதிகாரியம்மா அவரை இறங்க விடவில்லை. "நீ போய்ட்டு வா சாமி" என்று என் தோளைத் தட்டினார். நான் படகில் ஏறிப் போனேன். பென்குவின்கள் காலடிவரை வந்தன. திரும்பிப் பார்த்தபோது, கப்பல் மேல்தளத்தில் அவர் சிறிதாகத் தெரிந்தார். மறுநாள் முதல் கடல் பொங்கியதால் வேறெந்தத் தீவிலும் யாரும் இறங்கவில்லை.

பெரியப்பா பென்குவினுக்குக் கம்பு கொண்டுபோன கதையைச் சொல்லி விசேஷத்துக்கு விசேஷம் நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். போன தை மாதம் அவர் காரியத்துக்கு வந்த மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு பிடி கம்புக்குப் போயி அப்பாவ அத்தன பேசிட்டனுங்களே சித்தப்பா" என்று அழுதாள். "உடு அம்மிணி" என்றேன்.

அந்தக் கம்பை வைத்தவன் நான். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.